ஸ்வம்மில் ஆவியாதலும் மண் உறிஞ்சுதலும்: நம் ஊர் மழைக்கு என்ன எண் போடுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் நவம்பர் மாதத்தில் சாயங்காலம் ஒரு மழை பிடித்தால் போதும், லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடும் லோங்காங் (வடிகால்) அரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். அந்த மழையில் எவ்வளவு மண்ணுக்குள் போனது, எவ்வளவு வெயிலில் ஆவியானது, மிச்சம் எவ்வளவு லோங்காங்குக்கு வந்தது என்று கணக்குப் போடத்தான் ஸ்வம் (SWMM). அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ 1971 முதல் வளர்த்துவரும் இலவச மென்பொருள் இது.

தொடங்கும்போதே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் ஆவியாதல் ஒரு நாளைக்கு சுமார் 4 மி.மீ. என்று வைத்தால், இரண்டு மணி நேரத்தில் 60 மி.மீ. கொட்டும் மழையில் அதன் பங்கு 0.33 மி.மீ. தான். ஒரே ஒரு மழையை ஓட்டிப் பார்ப்பவர்கள் ஆவியாதலுக்காக மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், நேரத்தையெல்லாம் மண்ணுக்குக் கொடுங்கள். ஓராண்டு மழையைத் தொடர்ந்து ஓட்டுகிறீர்கள் என்றால் கதை வேறு, ஏனென்றால் ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் பள்ளங்களில் தேங்கிய நீரைக் காலி செய்வது ஆவியாதல்தான்.

முதல் வேலை, அலகு. ஃப்ளோ யூனிட்ஸில் சிஎம்எஸ் (விநாடிக்குக் கன மீட்டர்) அல்லது எல்பிஎஸ் (விநாடிக்கு லிட்டர்) தேர்ந்தெடுங்கள், அப்போதுதான் எல்லாம் மெட்ரிக்கில் வரும். நான் முதல் தடவை சிஎஃப்எஸ்ஸை (விநாடிக்குக் கன அடி) அப்படியே விட்டுவிட்டு ஆவியாதலுக்கு 4 என்று தட்டினேன், ஸ்வம் அதை நாளைக்கு 4 அங்குலம், அதாவது நூறு மி.மீ.க்கும் மேல் என்று எடுத்துக்கொண்டது. சகாராவிலேயே அவ்வளவு போகாது! மெட்ரிக்கிலும் கவனம் வேண்டும்: ஆவியாதல் நாளுக்கு மி.மீ., மண் உறிஞ்சும் வேகம் மணிக்கு மி.மீ.

அடுத்து கிளைமெட்டாலஜிக்குள் போய் எவாபரேஷனைத் திறங்கள். கான்ஸ்டன்ட் வேல்யூவில் 4 போட்டுத் தொடங்கலாம், மாதச் சராசரி கையில் இருந்தால் மந்த்லி ஆவரேஜஸ். கிடைத்தது ஆவியாதல் தட்டில் அளந்த எண் என்றால் சுமார் 0.7 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், தட்டு சூடேறி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

இனி மண். ஆப்ஷன்ஸில் மண் உறிஞ்சுவதைக் கணக்கிட ஹார்ட்டன், கிரீன்-ஆம்ப்ட், கர்வ் நம்பர் என்று சில வழிகள் இருக்கின்றன. புதியவர்களுக்கு நான் சொல்வது கிரீன்-ஆம்ப்ட், ஏனென்றால் மண் வகை தெரிந்தால் மூன்று எண்ணும் அட்டவணையிலேயே கிடைத்துவிடும். மணல் கலந்த களிமண் பாங்கான வண்டலுக்கு உறிஞ்சு அழுத்தம் (மண் நீரை உள்ளே இழுக்கும் வலு) 220 மி.மீ., நீர் கடத்தும் வேகம் மணிக்கு 1.5 மி.மீ. மூன்றாவது எண், தொடக்கத்தில் மண்ணில் இருக்கும் காலியிடம், மண்ணின் கன அளவில் ஒரு பங்காக. தினமும் மழை பெய்யும் மாதங்களில் 0.15, நன்றாகக் காய்ந்திருந்தால் 0.26 வரை போகலாம். வெறும் களிமண் என்றால் கடத்தும் வேகம் மணிக்கு 0.25 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும்.

ஆனால் அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஒரே செம்பனைக் காட்டுக்குள் மட்டைகளை அடுக்கிவைத்த வரிசை தண்ணீரை நன்றாகக் குடிக்கும், குலை ஏற்றும் வண்டி ஓடி ஓடி இறுகிய பாதையில் அது தேங்கி நிற்கும். முடிந்தால் இரண்டையும் தனித்தனி சப்கேட்ச்மென்டாக (மழைநீர் ஒரே இடத்துக்கு வடியும் நிலத்துண்டாக) பிரித்துவிடுங்கள்.

உறிஞ்சுதல் நடப்பது மூடப்படாத மண் பகுதியில் மட்டும்தான் என்பதையும் மறக்க வேண்டாம். பழைய லயத்துத் தகரக் கூரைக்குப் பெரும்பாலும் தாழ்வாரக் குழாய் கிடையாது, தண்ணீர் நேராக வாசல் மண்ணில் விழும். அங்கே சப்ஏரியா ரூட்டிங்கை (கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்று சொல்லும் இடம்) பெர்வியஸ், அதாவது மண் பகுதி, என்று மாற்றுங்கள். புது தாமான் (குடியிருப்பு) வீடுகளில் கூரைத் தண்ணீர் நேரே லோங்காங்குக்குப் போவதால் அவுட்லெட் என்றே இருக்கட்டும். சின்ன மாற்றம்தான், ஆனால் உச்ச ஓட்டத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பலரும் தடுக்கி விழும் இடம் இது: ஆவியாதல் எண்ணைக் கூட்டினால் மண் சீக்கிரம் காயும் என்று நினைக்கிறோம். ஸ்வம்மில் அப்படி இல்லை. கிரீன்-ஆம்ப்டில் மண் எவ்வளவு வேகமாகக் காய்கிறது என்பதைக் கடத்தும் வேகத்திலிருந்தே அது கணக்கிடுகிறது, ஹார்ட்டனில் நாம் கொடுக்கும் ட்ரையிங் டைமிலிருந்து. மாதத்துக்கு மாதம் மாற்ற வேண்டுமென்றால் அதே எவாபரேஷன் பக்கத்தில் சாயில் ரிகவரி பேட்டர்ன் இருக்கிறது.

சரி, ஓட்டிவிட்டு ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டைத் திறங்கள். மொத்த மழை, ஆவியானது, மண்ணுக்குள் போனது, ஓடியது என்று வரிசையாக இருக்கும், கீழே கன்டினியூட்டி எர்ரர், அதாவது வந்த நீருக்கும் போன நீருக்கும் கணக்கு இடிக்கும் அளவு. அது 10 சதவீதத்தைத் தாண்டினால் முடிவை நம்ப முடியாது, ஒன்றிரண்டுக்குள் இருந்தால் எனக்கு நிம்மதி. அப்புறம் கடத்தும் வேகத்தைப் பாதியாக்கி இன்னொரு தடவை ஓட்டுங்கள், உச்ச ஓட்டம் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தால் அந்த எண்ணைத் தேடி எவ்வளவு அலையலாம் என்பது புரிந்துவிடும்.

மாதிரியில் குட்டை இருந்தால் அதன் எவாபரேஷன் ஃபேக்டரையும் பாருங்கள். அது தொடக்கத்தில் 0 ஆக இருக்கும், கிளைமெட்டாலஜியில் என்ன போட்டிருந்தாலும் குட்டையிலிருந்து ஒரு சொட்டும் ஆவியாகாது. அதை 1 ஆக்கிவிடுங்கள்.