‘வொர்த்’: ஆங்கிலத்தில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“படம் வொர்த்தா?” “செம வொர்த்துப்பா.” “அந்தக் கடை பிரியாணி வொர்த்தே இல்ல.” தமிழ்ப் பேச்சில் இந்தச் சொல் இப்படித் தன்னந்தனியாக நிற்கிறது, அதில் ஒரு குறையும் இல்லை. கடன் வாங்கிய சொல்லை நம் வாக்கியத்துக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். அதே வாக்கியத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் சிக்கல். ‘திஸ் மூவி இஸ் வொர்த்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தால், அந்த மொழிக்காரருக்கு அது பாதியில் அறுந்த வாக்கியம். எதற்கு வொர்த் என்று அவர் அடுத்த சொல்லுக்காகக் காத்திருப்பார்.

வொர்த் ஒரு பெயரடைதான். ஆனால் ‘குட்’, ‘பிக்’ போலத் தனியாக நின்று வாக்கியத்தை முடிக்கும் பெயரடை இல்லை. பின்னால் ஒன்று வந்தே ஆக வேண்டும். அது ஒரு தொகையாக இருக்கலாம்: ‘வொர்த் ஃபிஃப்டி ருபீஸ்’. ஒரு பெயர்ச்சொல்லாக இருக்கலாம்: ‘வொர்த் த எஃபர்ட்’. இங் விகுதி ஏற்ற வினையாகவும் இருக்கலாம்: ‘வொர்த் வாட்சிங்’. எதையும் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டாம் என்றால், அந்த இடத்தை நிரப்ப ‘இட்’ போதும்: ‘த மூவி இஸ் வொர்த் இட்’. இந்தக் குணத்தால் சில அகராதிகள் இதைப் பெயரடை என்று சொல்லாமல், ‘ஆஃப்’, ‘டு’ போன்ற முன்னிடைச்சொற்களின் வகையில் சேர்த்திருக்கின்றன.

‘வொர்த்வைல்’ மட்டும் தனியாக நிற்கிறதே என்று கேட்கலாம். அந்த ‘வைல்’ என்பதற்கு இங்கே ‘நேரம்’ என்று பொருள். ‘செலவழித்த நேரத்துக்குத் தகும்’ என்பதே ஒரு சொல்லாக ஒட்டிக்கொண்டது. பின்னால் வர வேண்டியது உள்ளேயே வந்துவிட்டதால், ‘த மூவி வாஸ் வொர்த்வைல்’ என்று தாராளமாக எழுதலாம்.

அடுத்த தவறு நம் வினைச்சொல்லிலிருந்து வருவது. “இந்த நிலம் பத்து லட்சம் பெறும்” என்கிறோம். பெறும் என்பது வினை. அந்தப் பழக்கத்தில் ‘திஸ் லேண்ட் வொர்த்ஸ் டென் லேக்ஸ்’ என்று எழுதிவிடுகிறோம். கேள்வியாக்கும்போது ‘ஹவ் மச் டஸ் இட் வொர்த்?’ என்று வருகிறது. பக்கத்திலேயே ‘காஸ்ட்’ இருப்பது குழப்பத்தைக் கூட்டுகிறது. காஸ்ட் வினை, அதனால் ‘ஹவ் மச் டஸ் இட் காஸ்ட்?’ சரி. வொர்த் வினை இல்லை, அதனால் ‘ஹவ் மச் இஸ் இட் வொர்த்?’ என்றே கேட்க வேண்டும். இறந்தகாலத்தில் ‘வாஸ் வொர்த்’. காலத்தைக் காட்டும் வேலை முழுக்க ‘இஸ்’, ‘வாஸ்’ ஆகியவற்றினுடையது.

‘வொர்த் டு ரீட்’ என்ற தவறுக்கும் இதே காரணம்தான். “படிக்கத் தகுந்தது” என்பதில் உள்ள ‘படிக்க’ நம்மை ‘டு ரீட்’ பக்கம் இழுக்கிறது. ஆங்கிலம் கேட்பதோ ‘வொர்த் ரீடிங்’. அழுத்திச் சொல்ல ‘வெரி வொர்த்’ என்று போடாமல் ‘வெல் வொர்த்’ என்று போடுங்கள்.

நம் ஊர் ஆங்கிலச் செய்திகளையும் அறிக்கைகளையும் திருத்துகிறவர்கள் அடிக்கடி சந்திப்பது ‘ஜுவல்ஸ் வொர்த் ஆஃப் ஃபைவ் லேக் ருபீஸ்’ என்ற வகை. ஐந்து லட்சம் ரூபாய் மதிப்புள்ள நகைகள் என்பதன் நேர்ப் பெயர்ப்பு அது. அந்த ‘ஆஃப்’ எடுபட வேண்டும். ஆனால் ‘ஆஃப்’ எங்குமே கூடாது என்றும் இல்லை. தொகை பின்னால் வந்தால் ‘ஆஃப்’ வராது: ‘ஜுவல்ஸ் வொர்த் ஃபைவ் லேக் ருபீஸ்’. தொகை முன்னால் வந்தால் வொர்த் பெயர்ச்சொல்லாகிவிடும், ‘ஆஃப்’ கட்டாயம் வரும்: ‘ஃபைவ் லேக் ருபீஸ் வொர்த் ஆஃப் ஜுவல்ஸ்’. இந்த இரண்டாவது வடிவத்தில் ருபீஸ் என்பதன் கடைசி எழுத்துக்குப் பின் உடைமையைக் காட்டும் மேற்குறி ஒன்று உண்டு. அச்சிலும் அது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

‘வொர்தி’ வேறு. அதன் பின்னால் பெயர்ச்சொல் வந்தால் ‘ஆஃப்’ வேண்டும்: ‘வொர்தி ஆஃப் ரெஸ்பெக்ட்’. உச்சரிப்பிலும் இரண்டும் ஒன்றல்ல. வொர்த் என்பதில் கடைசி ஒலி காற்றாக மட்டும் வெளிவரும். வொர்தி என்பதில் ‘அது’ என்னும்போது வரும் து போலக் குரல் அதிரும். ‘நோட்வொர்தி’, ‘ட்ரஸ்ட்வொர்தி’ எல்லாம் இந்த இரண்டாம் வகை. எழுத்தைப் பார்த்து ‘நார்த்’ போல வார்த் என்று சொல்வதும் சரியில்லை. இதன் உயிரொலி ‘பர்த்’, ‘எர்த்’ ஆகியவற்றின் இனம்.

சொல்லின் வரலாற்றில் நடக்கும் தவறுகள் இன்னும் சுவையானவை. வொர்த் ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து. கி.பி. 1066-க்குப் பின் நார்மன்கள் கொண்டுவந்த பிரெஞ்சுச் சொற்களுக்கு முன்பே பழைய ஆங்கிலத்தில் இருந்தது. ஜெர்மனில் ‘வேர்ட்’, டச்சில் ‘வார்ட்’, சுவீடிஷில் ‘வேர்ட்’ என்று இதன் உறவுகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆனால் ஆங்கிலத்தில் ‘வொர்த்’ என்று எழுத்தில் கண்டதெல்லாம் மதிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே எழுத்துகளுக்குள் வேறு இரண்டு சொற்களும் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, ஊர்ப்பெயர்களில் வருவது. கெனில்வொர்த், டாம்வொர்த், லண்டனின் வான்ட்ஸ்வொர்த் என எத்தனையோ ஊர்கள் இப்படி முடிகின்றன. இவற்றை ‘மதிப்புமிக்க ஊர்’ என்று விளக்குவது தவறு. இங்கே வொர்த் என்றால் வேலியடைத்த இடம், வீடும் நிலமும் சேர்ந்த வளாகம். நம் ‘பட்டி’யும் இதே வழியில் போன சொல்தான். ஆட்டை அடைக்கும் பட்டியும் உண்டு, உசிலம்பட்டியும் உண்டு. டாம்வொர்த் என்றால் டேம் ஆற்றங்கரைப் பட்டி.

மற்றொன்று, வழக்கொழிந்த ஒரு வினை. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், எசேக்கியேல் 30-ஆம் அதிகாரம் இரண்டாம் வசனத்தில் ‘வோ வொர்த் த டே’ என்று வருகிறது. ‘துன்பத்துக்குத் தகுந்த நாள்’ என்று அதைப் படித்தால் பொருள் கெட்டுவிடும். அந்த வொர்த், ‘ஆகு’, ‘நேர்’ என்ற பொருள்கொண்ட பழைய வினை. ஜெர்மனின் ‘வேர்டன்’ அதன் உடன்பிறப்பு. அந்த நாளுக்குக் கேடு வரட்டும் என்பதே கருத்து. ஒரு காலத்தில் வொர்த் வினையாகவும் இருந்தது என்பதற்கு இது சான்று. ஆனால் அந்த வினைக்கும் ‘பெறும்’ என்ற பொருளுக்கும் தொடர்பில்லை.

எதிர்பாராத இடத்தில் மதிப்பு ஒளிந்திருப்பதும் உண்டு. ‘வர்ஷிப்’ என்றால் வழிபாடு என்று மட்டுமே நமக்குத் தெரியும். அது ‘வொர்த்’துடன் ‘ஷிப்’ சேர்ந்து பிறந்த சொல். மதிப்புடைய நிலை, கௌரவம் என்பதே அதன் முதல் பொருள். இங்கிலாந்துத் திருச்சபையின் பழைய திருமணச் சடங்கில் மணமகன் மணமகளைப் பார்த்து ‘வித் மை பாடி ஐ தீ வர்ஷிப்’ என்கிறான். உன்னைத் தெய்வமாகத் தொழுகிறேன் என்று அதை மொழிபெயர்ப்பது தவறு. உனக்கு உரிய மரியாதை செய்கிறேன் என்பதே அவன் தரும் வாக்கு. லண்டன் பொற்கொல்லர் சங்கம் இன்றும் தன்னை ‘வர்ஷிப்ஃபுல் கம்பெனி ஆஃப் கோல்ட்ஸ்மித்ஸ்’ என்று அழைத்துக்கொள்வதும் இந்தப் பொருளில்தான். 1327-இல் அரச சாசனம் பெற்ற சங்கம் அது. அவர்களுடைய மண்டபத்தில் நகையைச் சோதித்து முத்திரை வைத்ததிலிருந்து வந்ததே, நம் நகைக்கடைகளில் கேட்டு வாங்கும் ‘ஹால்மார்க்’.

‘வொர்த் ஹிஸ் சால்ட்’ என்றால் வாங்கும் கூலிக்குத் தகுந்தவர் என்று பொருள். இந்தத் தொடருக்கு ஒரு கதை ஓயாமல் சுற்றி வருகிறது: ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்தார்கள், அதிலிருந்து இந்தத் தொடர் வந்தது என்று. ‘சேலரி’ என்ற சொல், உப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு தொடர்புடைய ‘சலாரியும்’ என்பதிலிருந்து வந்தது உண்மை. ஆனால் உப்பே கூலியாகக் கொடுக்கப்பட்டது என்று சொல்லும் பழைய ரோமானியச் சான்று இல்லை. அந்த ஆங்கிலத் தொடரும் பரவலாகப் புழங்கத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டில்தான். ரோமுக்கும் அதற்கும் நடுவே நூற்றாண்டுகள் கிடக்கின்றன.

‘வேல்யூ’வும் வொர்த்தும் பொருளில் நெருங்கியவை என்பதால் வேரும் ஒன்று என நினைப்பவர்கள் உண்டு. வேல்யூ பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் லத்தீன் மூலமான ‘வலேரே’ என்பதற்கு வலுவாக இரு, நலமாக இரு என்று பொருள். ‘வேலிட்’, ‘வேலர்’, ‘ப்ரிவெய்ல்’ எல்லாம் அந்தக் குடும்பம். கார்ல் மார்க்ஸ் 1867-இல் வெளியிட்ட ‘மூலதனம்’ நூலின் அடிக்குறிப்பு ஒன்று இதைத் தொடுகிறது. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர்கள் பயன்மதிப்புக்கு (ஒரு பொருள் தரும் பயனுக்கு) வொர்த்தையும் பரிமாற்ற மதிப்புக்கு (அதை மாற்றினால் கிடைப்பதற்கு) வேல்யூவையும் ஆண்டதை அவர் கவனித்திருக்கிறார். இன்றைய ஆங்கிலத்தில் அந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இல்லை. இருந்தாலும் ஒரு மனிதரின் தன்மதிப்பைச் சொல்ல ‘செல்ஃப் வொர்த்’ என்பதே வாயில் வருகிறது.

வேல்யூ குடும்பத்தில் ஒரு பொறி: ‘இன்வேல்யுவபிள்’. ‘இன்வேலிட்’ போலத் தொடங்குவதால் ‘மதிப்பில்லாத’ என்று தோன்றும். உண்மையில் அது விலைமதிக்க முடியாத, மிக உயர்ந்த என்று பொருள் தரும் சொல். ஒருவர் உங்கள் உதவியை அப்படிச் சொன்னால் அது பாராட்டு. மதிப்பே இல்லை என்பதற்கு ‘வேல்யூலெஸ்’, ‘வொர்த்லெஸ்’.

கடைசியாக ‘நெட் வொர்த்’. நடிகர், தொழிலதிபர் பெயரோடு ‘நெட் வொர்த் இத்தனை கோடி’ என்று வந்தால், அவ்வளவு பணம் வங்கியில் இருப்பதாகவோ ஆண்டு வருமானமே அதுதான் என்றோ எழுதிவிடுகிறார்கள். நெட் வொர்த் என்பது சொத்துகளின் மொத்த மதிப்பில் கடனைக் கழித்த மீதி. 80 லட்சம் பெறும் வீட்டின் மேல் 60 லட்சம் கடன் பாக்கி இருந்தால், அந்த வீட்டின் வழியாக ஒருவரின் நெட் வொர்த்தில் சேர்வது 20 லட்சம்தான். கடன் சொத்தை மிஞ்சினால் அது பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும்.