மருத்துவமனைப் பங்கு வாங்குமுன் பாக்கிக் கணக்கைப் பாருங்கள்

சம்பா நெல் விற்ற காசில் மருத்துவமனைப் பங்கு வாங்க நினைப்பவர்கள், லாபத்துக்கு முன் வரவேண்டிய பாக்கியைப் பாருங்கள். ஆண்டறிக்கையின் இருப்புநிலைக் குறிப்பில் ‘டிரேட் ரிசீவபிள்ஸ்’ என்று இருக்கும். அதை ஆண்டு வருவாயால் வகுத்து 365-ஆல் பெருக்கினால், பில் பணம் வசூலாக எத்தனை நாள் ஆகிறது என்று தெரியும். 1,000 கோடி வருவாய்க்கு 200 கோடி பாக்கி என்றால் 73 நாள். ஐந்து ஆண்டுக்கும் போட்டுப் பாருங்கள். அரசுக் காப்பீட்டு நோயாளிகள் அதிகம் என்றால் பணம் தாமதமாகத்தான் வரும். ஆனால் நாள் கணக்கு ஆண்டுக்காண்டு ஏறினால், லாபம் ஏட்டோடு நிற்கிறது என்று பொருள். புதுக் கிளை திறந்தால் வட்டியும் தேய்மானமும் உடனே ஓடத் தொடங்கும், படுக்கைகள் மெதுவாகத்தான் நிரம்பும்; அதனால் தொடக்கத்தில் லாபம் குறையலாம்.

மருத்துவக் கருவி செய்யும் நிறுவனத்தின் பங்கு என்றால் விலைக் கட்டுப்பாடுதான் பெரிய ஆபத்து. 2017 பிப்ரவரியில் அடைத்த ரத்தக் குழாயை விரித்து வைக்கும், மருந்து பூசிய இதய ஸ்டென்டுக்கு அரசு 29,600 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் வந்தது. ஒரே பொருளை நம்பும் நிறுவனத்தைத் தவிர்ப்பது நல்லது.

மேட்டூர் திறந்ததும் குறுவைக்கு வேண்டிய பணத்தை இதில் போடவே போடாதீர்கள். 12 மாதத்துக்குள் லாபத்தில் விற்றால் அந்த லாபத்துக்கு 20% வரி. விலை இறங்கிய நேரத்தில் விற்றால் போட்ட முதலே குறையும்.