வித்தியாசமான கேம் கேட்கிறவருக்கு எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது

“ப்ரோ, வித்தியாசமா ஒரு கேம் சொல்லுங்களேன்” என்று யாராவது கேட்டால் நமக்குப் பிடித்த பெயரை உடனே அவிழ்த்துவிடுகிறோம், பாதி சிபாரிசு அங்கேயே செத்துப்போகிறது. சண்டை கேம் என்றால் பரவாயில்லை, யாருக்குச் சொன்னாலும் ஓரளவு ஒட்டும். லாரி ஓட்டுவது, அழுக்குச் சுவரைக் கழுவுவது, ஆளில்லாத கிரகத்தில் சுற்றுவது போன்ற சிமுலேஷன், எக்ஸ்ப்ளோரேஷன் கேம்கள் அப்படியில்லை. ஒருவர் அதில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் இருபது நிமிடத்தில் கொட்டாவி விடுவார். அதனால் முதலில் ஆளைப் பற்றிக் கேளுங்கள்.

“என்ன மாதிரி கேம் பிடிக்கும்?” என்று கேட்டால் ஜிடிஏ, பப்ஜி, ஃப்ரீ ஃபயர் என்று தெரிந்த பதில்தான் வரும். அதற்குப் பதிலாக “கடைசியா எந்த கேமைப் பாதியில விட்டீங்க, ஏன்?” என்று கேட்டுப் பாருங்கள். “அங்க போ, இங்க போன்னு அம்புக்குறி காட்டிட்டே இருந்துச்சு, கடுப்பாயிட்டேன்” என்கிறவர் எக்ஸ்ப்ளோரேஷனுக்குத் தயாரான ஆள். “செத்து செத்து வெறுத்துட்டேன்” என்கிறவருக்குச் சாவே இல்லாத கேம் வேண்டும். ஜிடிஏவில் மிஷனைத் தொடாமல் ரேடியோ போட்டுக்கொண்டு மலைப்பக்கம் சும்மா கார் ஓட்டுகிறவர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார், அவரை விட்டுவிடாதீர்கள்.

நம்ம பக்கம் பலருக்கு இந்த வகையின் வாசல் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாதான். 2017-ல் வந்த மொபைல் கேம், அந்த நாட்டு பஸ்களுக்காகச் செய்தது, ஆனால் மாட் (ஆடுகிறவர்களே செய்து சேர்க்கும் மாற்றம்) போட வழி இருப்பதால் நம்ம பையன்கள் கவர்மென்ட் பஸ், பிரைவேட் பஸ் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டார்கள். கடலூர்-பாண்டி பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் இடம் பிடிக்க ஓடுகிற ஆள் என்றால் அடுத்த படி யூரோ டிரக் சிமுலேட்டர் 2. செக் நாட்டின் எஸ்சிஎஸ் கம்பெனி 2012-ல் வெளியிட்டது, இன்றைக்கும் அதில் புது நாடுகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. ஐரோப்பாவை 1:19 அளவில் சுருக்கிய மேப், ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் இலவச டெமோவும் உண்டு. ஸ்டீயரிங் வீல் தேவையில்லை, கீபோர்டே போதும். ஒன்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்: ஜெர்மனியில் ஆரம்பித்தால் வலது பக்கம் ஓட்டவேண்டும், நம்ம ஆள் முதல் ரவுண்டானாவிலேயே எதிர் வண்டியில் கொண்டுபோய்ச் சொருகுவார். பிரிட்டனில் நம்மைப் போல இடது பக்கம்தான், கேமில் லாரி கம்பெனியை அங்கே தொடங்கச் சொல்லுங்கள்.

கடல் பக்கத்து ஆள்களுக்குக் கடல் கேம் என்று கணக்குப் போடாதீர்கள். தேவனாம்பட்டினத்துக்காரர், வீட்டில் படகு இருக்கிறது என்பதற்காக டிரெட்ஜ் என்கிற மீன்பிடி கேமைக் கொடுத்தால் “இதுல எங்க மீன் பிடிக்கிறாங்க?” என்று கேட்பார், கேட்பது நியாயமும்கூட. 2023-ல் வந்த அந்த கேமில் பிடித்த மீனைப் படகின் கட்டத்துக்குள் அடுக்குவதுதான் புதிர், இருட்டினால் திகில். திகில் பிடித்தவருக்கு அருமை, தொழில் தெரிந்தவருக்கு எரிச்சல்.

சப்நாட்டிகா வேறு ரகம். விண்கலம் விழுந்து, நாலா பக்கமும் தண்ணீர் மட்டும் இருக்கிற கிரகத்தில் மாட்டிக்கொள்கிறீர்கள். ஆரம்பத்தில் மூச்சு 45 விநாடிக்குத்தான் வரும், மேப் கிடையாது, பெரிய ஜந்துகளைக் கொல்வதற்கென்று துப்பாக்கியும் கிடையாது. கீழே இறங்க இறங்கத்தான் கதை. ஆழத் தண்ணீர் என்றாலே நெஞ்சு படபடக்கிறவருக்கு இதைச் சொல்லாதீர்கள், ஸ்கிரீன்தானே என்ற சமாதானமெல்லாம் அங்கே வேலை செய்யாது. அப்புறம் கம்ப்யூட்டரில் இது தானாக சேவ் ஆகாது. மழைக்காலத்தில் நம்ம ஊர்களில் கரண்ட் எப்படிப் போகும் என்று தெரியுமே, புயல் சின்னம் என்று நியூஸில் சொன்னவுடனே பாதி தெரு இருட்டாகிவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் டெஸ்க்டாப் வைத்திருப்பவர் என்றால் ஒவ்வொரு முறை தளத்துக்குத் திரும்பும்போதும் சேவ் பண்ணும் பழக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் திட்டு உங்களுக்குத்தான்.

அவுட்டர் வைல்ட்ஸ்தான் சிபாரிசு செய்ய ரொம்பக் கஷ்டமான கேம், ஏனென்றால் வாயைத் திறந்தால் கெட்டுவிடும். 2019-ல் வந்தது. அதில் லெவல் ஏறாது, ஆயுதம் சேராது, கையில் சேர்வது தெரிந்துகொண்ட விஷயம் மட்டும்தான், அதனால் விஷயத்தைச் சொல்லிவிட்டால் கேமையே பிடுங்கிக்கொண்ட மாதிரி. ஒரு சின்ன சூரியக் குடும்பம், மரத்தால் செய்த ஒரு விண்கலம், காலம் திரும்பத் திரும்பச் சுழல்கிறது என்பதுவரை செய்தவர்களே விளம்பரத்தில் சொல்கிறார்கள். அதோடு நிறுத்துங்கள். “எண்டிங் பாத்து அழுதுட்டேன்” என்பதும் வேண்டாம், கேட்டவர் அழுகை எப்போது வரும் என்று காத்துக்கொண்டே ஆடுவார். சொல்லவேண்டியது ஒன்று உண்டு: “முதல் ஒரு மணி நேரம் என்ன செய்யறதுன்னே புரியாது, அப்படித்தான் இருக்கும், கண்ணுல பட்ட கிரகத்துக்குப் போ. முட்டிக்கிட்டா விண்கலத்துல இருக்கிற குறிப்பைப் படி.” இன்னொன்று, பெயரை வாயால் சொல்லாமல் லிங்க்கை அனுப்புங்கள். அதே வருடம் தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் என்று துப்பாக்கி கேம் ஒன்றும் வந்தது, தேடுகிறவர் சுலபமாகத் தப்பானதை வாங்கிவிடுவார்.

இங்கிலீஷ் விஷயத்தைக் கூச்சப்படாமல் கேட்கலாம். நான் மேலே சொன்னதில் அவுட்டர் வைல்ட்ஸில் படிக்க நிறைய இருக்கிறது. படிப்பது பாரம் என்கிறவருக்கு ஆப்ஸூ, ஜர்னி இரண்டும் சரி, இரண்டிலும் வசனமே கிடையாது. பவர்வாஷ் சிமுலேட்டரிலும் வேலையே பேச்சு, தண்ணீரைப் பீய்ச்சி அழுக்கைக் கழுவுவது, அவ்வளவுதான், நம்பமாட்டீர்கள், ஆபீஸ் முடிந்து வருகிறவர்களுக்கு அது அப்படிப் பிடிக்கிறது. மாறாக, படிக்கப் பிடித்தவர், சரித்திரம் பிடித்தவர் என்றால் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். 1807-ல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஆளில்லாமல் கரைக்கு வருகிறது, இன்சூரன்ஸ் கணக்குக்காக அதிலிருந்த 60 பேருக்கும் என்ன ஆனது என்று நீங்கள் கண்டுபிடிக்கவேண்டும். 1690-ல் கம்பெனி வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டை இருந்த கடலூர்க்காரரிடம் “கம்பெனிக் கப்பல்ல நடந்த கொலை” என்று ஆரம்பித்தாலே காது நிமிரும்.

கம்ப்யூட்டர் பழசா என்பதையும் கேட்டுவிடுங்கள். கவர்மென்ட் கொடுத்த லேப்டாப்பிலும் ஓடக்கூடியது ஓப்பன்டிடிடி, 1995-ல் வந்த டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸைப் பார்த்து 2004-லிருந்து ஆர்வலர்கள் செய்துவருவது, முழுக்க இலவசம், ரயிலும் பஸ்ஸும் விட்டு ஊர்களை இணைப்பது. மறுகோடியில் 2020-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர். அது கிட்டத்தட்ட 150 ஜிபி இடம் கேட்கும், ஓடும்போதும் நெட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். பாண்டி லாஸ்பேட்டை ஏர்போர்ட்டிலிருந்து எழும்பிக் கடலோரமாகத் தெற்கே திரும்பினால் கொஞ்ச நேரத்தில் கடலூர், எல்லோரும் முதலில் தேடுவது சொந்த வீட்டைத்தான். பெரும்பாலான கட்டடங்கள் வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரே எழுப்பியவை, பாடலீஸ்வரர் கோயில் கோபுரத்தை அச்சு அசலாக எதிர்பார்க்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஏமாற்றம் இல்லை.

பெரிய நம்பரைக் காட்டி ஆசை மூட்டாதீர்கள். நோ மேன்ஸ் ஸ்கையில் 1.8 லட்சம் கோடி கோடி கிரகங்கள் என்பது உண்மைதான், எலைட் டேஞ்சரஸில் 40,000 கோடி நட்சத்திர மண்டலங்கள் என்பதும் உண்மைதான், ஆனால் கேட்பவர் இன்றைக்கு ராத்திரி ஒரு மணி நேரம் என்ன செய்வார் என்பதற்கு அதில் பதில் இல்லை.

பஸ்ஸில் போனால் வாந்தி வருகிற ஆளா என்றும் கேளுங்கள். முதல் நபர் பார்வையில் ஓடுகிற கேம்களில் தலை சுற்றும், செட்டிங்ஸில் மோஷன் பிளர் (அசையும்போது படம் மங்குவது), கேமரா ஆட்டம் இரண்டையும் நிறுத்தி, பார்வைக் கோணத்தைக் கூட்டிவைத்தால் பலருக்குச் சரியாகிவிடும்.

காசு விஷயம். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மெதுவாகச் சூடுபிடிக்கிற கேம்களில் இந்த இரண்டு மணி நேரம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும், அதனால் கேமைத் திறந்துவைத்துவிட்டு சாப்பிடப் போகவேண்டாம், அந்த நேரமும் கணக்கில் ஏறும் என்று சொல்லுங்கள். அவசரமில்லாதவர் விஷ்லிஸ்டில் போட்டுவைக்கட்டும், விலை குறைந்தால் மெயில் வரும். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் பெரிய தள்ளுபடி வருவது வழக்கம், ரூபாயிலேயே விலை, யுபிஐயிலும் கட்டலாம்.