தையல் கடை இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு ஃபாலோயர் சேர்ப்பது எப்படி?

தைத்து முடித்த பிளவுஸை ஹேங்கரில் மாட்டி ஒரு போட்டோ, மேலே போன் நம்பர், கீழே வரிசையாக ஹேஷ்டேக். தையல் கடை, ஆரி (கொக்கி ஊசி எம்பிராய்டரி) வேலைப் பக்கங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. வேலை நன்றாகவே இருக்கும், ஆனால் ஃபாலோயர் கூட மாட்டார்கள். அந்தப் போட்டோவைப் பார்ப்பவர்கள் ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்கள். தெரியாதவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரீல்ஸ்தான்.

எந்த ரீல் அதிகம் பேரிடம் போகும் என்பதற்கு இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் மூன்று விஷயங்களை முக்கியமாகச் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் மற்றவருக்கு அனுப்புகிறார்கள். புது ஆட்களிடம் போய்ச் சேர, கடைசியாகச் சொன்னதற்குத்தான் எடை அதிகம். தையல் தொழிலுக்கு இது பெரிய வசதி. கல்யாணப் பெண் ஒரு கழுத்து டிசைனைப் பார்த்தால் தனியாக முடிவெடுப்பதில்லை. அக்காவுக்கு, அத்தை மகளுக்கு, தோழிக்கு அனுப்பி, "இது எனக்கு நல்லா இருக்குமா?" என்று கேட்பாள். அப்படி அனுப்பத் தோன்றுகிற ரீலைத்தான் நீங்கள் எடுக்க வேண்டும்.

முதலில் பக்கத்தைச் சரி செய்யுங்கள். 'பெயர்' என்ற இடத்தில் கடைப் பெயர் மட்டும் போட்டால் தேடுகிறவர் கண்ணில் படாது. கடைப் பெயரோடு "ஆரி பிளவுஸ், காரைக்குடி" என்பது போலத் தொழிலையும் ஊரையும் சேருங்கள். 14 நாளில் இரண்டு முறைதான் பெயரை மாற்ற முடியும் என்பதால் யோசித்துப் போடுங்கள். பெயருக்குக் கீழே வரும் அறிமுகமான பயோவுக்கு 150 எழுத்துதான் இடம். எத்தனை நாளில் தைத்துத் தருவீர்கள், கூலி எங்கிருந்து ஆரம்பம், கூரியர் உண்டா இல்லையா என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். கடவுள் வாழ்த்துக்கும் பொன்மொழிக்கும் அங்கே இடம் இல்லை. மூன்று பதிவுகளை மேலே பின் பண்ணலாம்: அளவு பிளவுஸ் அனுப்பும் முறை, கூலி விவரம், உங்கள் கையில் ஆன சிறந்த கல்யாண பிளவுஸ்.

இனி ரீல். முதல் மூன்று விநாடியில் நிற்கவில்லை என்றால் பார்ப்பவர் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். கடைப் பெயர் சுழன்று வருகிற அறிமுகம் வேண்டவே வேண்டாம். பிரச்சினையிலிருந்து ஆரம்பியுங்கள். உதாரணமாக, இறக்கமான பின்கழுத்து வைத்த பிளவுஸ் தோளிலிருந்து நழுவுகிறது. முதல் ஷாட்டில் அது நழுவுவதையே காட்டி, "பின்கழுத்து இறக்கினா தோள் ஏன் நிக்க மாட்டேங்குது?" என்று திரையில் எழுதுங்கள். அடுத்து டேப்பைத் தோளில் வைத்து, எந்த இடத்தில் அளவைக் குறைத்து வெட்டுகிறீர்கள் என்று விரலால் காட்டுங்கள். பிறகு நாட் (பின்கழுத்தில் கட்டும் கயிறு) எந்த உயரத்தில் வருகிறது என்று கிட்டத்தில் ஒரு ஷாட். கடைசியில் அதே பிளவுஸ் போட்ட முதுகு, கையைத் தூக்கினாலும் நகராமல். ஒவ்வொரு ஷாட்டும் மூன்று நான்கு விநாடி, மொத்தம் 12 முதல் 16 விநாடி. நீளமாகவும் போட இடம் இருக்கிறதே என்று இழுக்காதீர்கள்.

வெளிச்சம்தான் ஆரி வேலையைக் காட்டும், இல்லையென்றால் கெடுக்கும். நேர் எதிரே லைட் அடித்தால் ஜர்தோசியும் (உலோக இழை வேலை) மணியும் தட்டையாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்தால் மேடு பள்ளம் எடுப்பாக வரும். டியூப் லைட்டின் கீழே எடுத்தால் படத்தில் கோடு கோடாக ஓடலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஷட்டர் வேகத்தை மாற்ற வசதியுள்ள போனில் 50-ல் ஒரு பங்கு அல்லது 100-ல் ஒரு பங்கு விநாடி வையுங்கள். அரக்கு, ராணி பிங்க் பட்டுத் துணிகளில் வெளிச்சம் கூடினால் நிறம் வெளிறிவிடும். அப்புறம் "வீடியோவில் வேற கலர் காட்டினீங்க" என்று வாடிக்கையாளர் வருத்தப்படுவார். துணியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸை நிறுத்தி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். மெஷின் எண்ணெய்க் கையோடு தொட்ட போனில் எல்லாமே மங்கலாகத்தான் வரும்.

செங்குத்தாக, 9:16 அளவில் எடுங்கள். எழுத்தைக் கீழ்ப்பகுதியிலும் வலது ஓரத்திலும் வைத்தால் கேப்ஷனும் லைக் பட்டனும் மறைத்துவிடும். பலர் சத்தமில்லாமல் பார்ப்பார்கள், அதனால் பேசுவதை எழுத்தாகவும் போடுங்கள். பிசினஸ் கணக்கில் சினிமாப் பாட்டு பெரும்பாலும் கிடைக்காது. வேறு வழியில் சேர்த்தால் ஒலி முடக்கப்படலாம். உங்கள் குரலே போதும். கடையில் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள், அதற்குத் தனி மதிப்பு உண்டு.

அடுத்தவர் டிசைன் படத்தை எடுத்துப் போடாதீர்கள். சொந்தமாக எடுத்த பதிவுகளுக்கே முன்னுரிமை என்று 2024-ல் இன்ஸ்டாகிராம் விதியை மாற்றியது. மற்றவர் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போடுகிற பக்கத்தைப் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பதை அது நிறுத்திவிடும். வேறு ஆப்பின் முத்திரையோடு வரும் வீடியோவுக்கும் அதே கதிதான். ஹேஷ்டேக் மூன்று முதல் ஐந்து போதும்.

வாரம் மூன்று ரீல், ஒரு படத் தொகுப்பு என்பது ஒரு கடைக்குத் தாங்கும் கணக்கு. "எட்டு வகை கை டிசைன்" போன்ற தொகுப்பைப் பெண்கள் சேமித்து வைத்து, துணி எடுத்த பிறகு திரும்ப வந்து பார்ப்பார்கள். பருவத்தையும் கணக்கில் வையுங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை என்று பக்கத்தைச் சும்மா விடுகிறவர்கள் நல்ல நேரத்தை இழக்கிறார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு டிசைன் தேடுவது அந்த ஆடியில்தான். தீபாவளி பிளவுஸ் ரீல்களை ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். பண்டிகை வாரத்தில் போட்டால் லைக் வரலாம், ஆர்டர் எடுக்க உங்களுக்கு நேரம் இருக்காது.

கமெண்டில் "விலை என்ன?" என்று கேட்டால் "இன்பாக்ஸ் வாங்க" என்று சொல்லாதீர்கள். அங்கேயே கூலியைச் சொல்லுங்கள். கேட்காமல் படித்துவிட்டுப் போகிற பத்துப் பேருக்கும் அது பதில். நல்ல கேள்வி வந்தால் அதற்குப் பதிலாகவே ஒரு ரீல் எடுங்கள், கமெண்டைத் திரையில் ஒட்டிக்காட்டும் வசதி இருக்கிறது. சேலைக் கடை, மேக்கப் செய்பவர், மெஹந்தி போடுபவர் ஆகியோரோடு கொலாப் பதிவு போட்டால் ஒரே ரீல் இரண்டு பக்கத்திலும் வரும். கல்யாணப் பெண்ணைக் காட்டும் முன் அவர் சம்மதம் வாங்குங்கள். தயங்கினால் முகம் இல்லாமல் முதுகையும் கையையும் மட்டும் எடுங்கள்.

காசு கொடுத்து ஃபாலோயர் வாங்கவே கூடாது. அந்தக் கணக்குகள் எதையும் பார்க்காது, யாருக்கும் அனுப்பாது, பிளவுஸும் தைக்கக் கொடுக்காது. இன்ஸ்டாகிராம் கண்டுபிடித்தால் நீக்கியும் விடும். ஃபாலோயர் தருகிற ஆப்பிலோ, "ப்ளூ டிக் வாங்கித் தருகிறோம்" என்ற லிங்கிலோ பாஸ்வேர்டு போட்டால் பக்கமே கைவிட்டுப் போகலாம். பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டு கட்டப் பாதுகாப்பை இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு ரீலின் இன்சைட்ஸையும் (புள்ளிவிவரப் பகுதி) திறந்து, ஃபாலோயர் அல்லாதவர்கள் எத்தனை சதவீதம், எத்தனை பேர் அனுப்பினார்கள், அதிலிருந்து எத்தனை பேர் ஃபாலோ செய்தார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். பார்த்த நேரத்தைக் காட்டும் கோடு தொடக்கத்திலேயே விழுந்தால் முதல் ஷாட்டை மாற்றி மறுபடி எடுங்கள். நடுவில் விழுந்தால் அந்த ஷாட் நீளம், வெட்டுங்கள். அதிகம் அனுப்பப்பட்ட ரீலை வேறு துணியில், வேறு கழுத்தில் திரும்ப எடுக்கலாம். எண்ணிக்கை எல்லா ரீலுக்கும் ஒரேயடியாகச் சரிந்தால், செட்டிங்ஸில் கணக்கு நிலை (Account Status) என்ற பகுதிக்குப் போய் பரிந்துரை நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பதிவால் என்று அங்கேயே காட்டும். அதை நீக்கலாம், தவறில்லை என்றால் மறுபரிசீலனை கேட்கலாம்.