பஹாரி பாணியில் ஒரு மழைக்கால மரம்: முதல்முறை வரைபவர்களுக்கு

பஹாரி என்றால் இமயமலை அடிவாரத்து ஓவியப் பாணி. அங்கே காங்க்ரா, குலேர் பக்கத்து ராதா-கிருஷ்ணர் சிற்றோவியங்களில் எல்லோர் கண்ணும் முதலில் முகத்துக்குத்தான் போகும். நான் மரத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். குலேர் ஓவியர் மானகு 1730-இல் வரிசையாக வரைந்த, ஜெயதேவரின் ராதா-கிருஷ்ணர் காதல் காவியமான கீத கோவிந்தமே மேகம் கவிந்த வானத்தோடும் தமால மரங்களால் இருண்ட காட்டோடும்தான் தொடங்குகிறது. ராதையின் ஏக்கத்தைப் பாதிக்குமேல் சொல்லிவிடுவது அந்தக் காடுதான்.

வழவழப்பான கெட்டித் தாள், போஸ்டர் கலர், 0 மற்றும் 000 எண் பிரஷ் போதும். அந்தக் கால ஓவியர்கள் பல தாள்களை ஒட்டிச் செய்த வஸ்லி என்ற கெட்டித் தாளில், அணில் முடித் தூரிகையால் வரைந்தார்கள். மஞ்சளுக்கு அரிதாரம் என்ற மஞ்சள் கனிமத்தை அரைத்தார்கள். நம் கூத்துக்காரர்கள் முகத்தில் பூசிய அதே அரிதாரம்! அது ஆர்செனிக் நஞ்சு, வீட்டில் வேண்டாம்.

முதலில் பென்சிலில் அழுத்தாமல் மரத்தை வரையுங்கள். மரத்தடியில் இருவர் நிற்க இடம் விடுங்கள். மேலே நீர்த்த வெள்ளையைப் பூசினால் கோடு மங்கலாகத் தெரியும். காய்ந்ததும் பிரஷ்ஷால் திருத்திப் போடுங்கள்.

அப்புறம் வானம். இண்டிகோ நீலத்தில் ஒரு துளி கறுப்பு, மோர்ப் பதத்தில். ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்தது.

இனி மரம், இங்கே அவசரமே கூடாது. இண்டிகோவில் மஞ்சளைக் கலந்து, ஏறக்குறைய கறுப்பான பச்சையில் மரத்தின் தலை முழுவதையும் நிரப்புங்கள். காய்ந்ததும் கொஞ்சம் மஞ்சள் கூட்டி இலைகளைத் தொடங்கலாம். பிரஷ் நுனியை வைத்து, லேசாக அழுத்தி, இழுத்து எடுத்தால் ஓர் இலை. ஐந்தாறு இலை விசிறிபோல விரிந்தால் ஒரு கொத்து. கொத்துகளுக்கு நடுவே அடியிலிருக்கும் இருட்டு தெரிய வேண்டும். அதை மூடிவிட்டால் மரம் பச்சைப் பாயாகிவிடும், ஆழமே இருக்காது. கடைசிச் சுற்றில் வெளிர் பச்சை, மேல்பக்க இலைகளுக்கு மட்டும். உள்ளங்கை அகல மரத்துக்கு எனக்கு இரண்டு மாலைப்பொழுது ஆகும்.

அடிமரத்தைச் சுற்றி ஒரு பூங்கொடியை ஏற்றுங்கள். காதலர் தழுவலை ஓவியர்கள் அதில்தான் சொன்னார்கள். கருமேகத்தின் முன்னே நாலைந்து வெள்ளைக் கொக்குகள், முடி கனத்தில் ஒரு பொன்நிற மின்னல். சரி, அவ்வளவுதான்.

நன்றாகக் காய்ந்தபின் ஓவியத்தைக் கண்ணாடிமேல் குப்புறப் போட்டு, பின்பக்கத்தை வழவழப்பான கல்லால் மெதுவாகத் தேயுங்கள். திருப்பிப் பார்த்தால் இலைகளில் மழை நனைத்த மினுமினுப்பு வந்திருக்கும்.