வார்கேம் மினியேச்சர்: பிரஷைத் தொடும் முன்பே நடக்கும் தவறுகள்

"எனக்குக் கை நடுங்குது, ஓவியமெல்லாம் வராது" என்று சொல்லிக்கொண்டே தங்கள் முதல் மினியை, அதாவது மேசைப் போர் விளையாட்டுக்கான சின்ன வீரன் உருவத்தை, நீட்டுபவர்கள் பலர். வாங்கிப் பார்த்தால் கை நடுங்கிய அடையாளமே இருக்காது. தோள்பட்டையின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று ஓடும். முகத்தில் பெயின்ட் தடித்து மூக்கும் வாயும் ஒன்றாகியிருக்கும். மேலங்கி முழுக்கச் சொரசொரப்பு. இதில் ஒன்றுகூட ஓவியத் திறமையோடு சம்பந்தப்பட்டதல்ல. இந்தப் பொழுதுபோக்கில் கெடுவதில் பாதிக்கு மேல் முதல் நிறம் தொடும் முன்பே கெட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, நாம் பார்த்துப் படிக்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எடுத்தவை. அவற்றில் சொல்வதைச் சென்னை, கொழும்பு, சிங்கப்பூர்க் காற்றில் அப்படியே செய்தால் சில இடங்களில் நிச்சயம் உதைக்கும்.

இங்கே பேசுவது வார்ஹேமர் 40,000 போன்ற விளையாட்டுகளுக்கான, 28 முதல் 32 மில்லிமீட்டர் அளவில் வரும் மினிகளைப் பற்றி. 1987இல் அந்த விளையாட்டை வெளியிட்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து இயங்கும் நிறுவனம். பெட்டியைத் திறந்தால் முழு உருவம் கிடைக்காது. ஸ்ப்ரூ என்ற பிளாஸ்டிக் சட்டங்களில் கை வேறு, தலை வேறு, துப்பாக்கி வேறாகத் துண்டுகள் இருக்கும். வெட்டுவது, ஒட்டுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் வாங்கியவர் பாடு.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. ஆசையில் முழுப் படையையும் ஒரே நேரத்தில் வாங்கி, அறுபது சாம்பல் நிற வீரர்கள் அலமாரியிலிருந்து முறைக்க, ஐந்தைக்கூட முடிக்காமல் விட்டவர்கள் உலகம் முழுக்க உண்டு. அந்தக் குவியலை "அவமானக் குவியல்" என்று அவர்களே கேலியாகச் சொல்லிக்கொள்வார்கள். ஐந்து மினி உள்ள ஒரு பெட்டி, ஏழெட்டு நிறம், நிழலுக்கு ஒரு வாஷ். தொடங்க இவ்வளவு போதும்.

வெட்டும்போதும் ஒட்டும்போதும்

ஸ்ப்ரூவிலிருந்து துண்டைக் கையால் முறுக்கிப் பிய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிய்த்த இடம் வெளுத்துப் பள்ளமாகும், சில நேரம் விரல் நுனியோ வாள் முனையோ சேர்ந்தே வந்துவிடும். ஒரு பக்கம் தட்டையான சிறிய கட்டர் வேண்டும். அதையும் துண்டை ஒட்டி வைத்து வெட்டக் கூடாது. முதலில் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சக் காம்பைப் பிறகு கத்தியால் சீவி எடுக்க வேண்டும்.

அடுத்தது அச்சுக்கோடு. வார்க்கும்போது அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய வரப்பு ஒன்று எழும். வெறும் சாம்பல் பிளாஸ்டிக்கில் அது கண்ணுக்கே தெரியாது. பெயின்ட் அடித்து, வாஷ் ஓடி, மேட்டில் வெளிச்ச நிறம் ஏறியதும் பளிச்சென்று தெரியும், அப்போது பார்த்துப் பயனில்லை. ஹாபி கத்தியின் கூர்ப்பக்கத்தால் சீவாமல், முதுகுப்பக்கத்தால் சுரண்டினால் கோடு மட்டும் போகும், உடல் தப்பிக்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவிட்டு, விரல் நகத்தால் தடவிப் பார்த்துத் தேடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு மினியின் தரத்தை இதைவிட அதிகமாக மாற்றும் வேலை வேறொன்று எனக்குத் தெரியாது.

பசையில்தான் அதிகக் குழப்பம். பிளாஸ்டிக் சிமென்ட் என்பது உண்மையில் பசையே அல்ல, கரைப்பான். ஸ்ப்ரூவின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனின் மேற்பரப்பைக் கரைத்து, இரண்டு துண்டுகளையும் ஒரே பிளாஸ்டிக்காக இணைத்துவிடும். ஆகவே ரெசினிலும் உலோகத்திலும் அது ஒன்றும் செய்யாது. பாலிஸ்டைரீனில் அளவுக்கு மீறி ஊற்றினால் நுணுக்கங்கள் உருகும், தொட்ட விரலின் ரேகை பதிந்துவிடும். பெயின்ட் பூசிய பரப்பிலும் அது பிடிக்காது, ஒட்டும் இடத்தைச் சுரண்டி வெறும் பிளாஸ்டிக்கை வெளியே கொண்டுவர வேண்டும். ரெசினுக்கும் உலோகத்துக்கும் ஃபெவிக்விக் போன்ற சயனோஅக்ரிலேட் பசை. காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரப்பதத்தால் இறுகும் பசை அது என்பதால் நம் ஊரில் வேகமாகவே பிடிக்கும். ஆனால் அதே ஈரத்தில் அதன் ஆவி சுற்றிலும் வெண்படலமாகப் படியும். கண்ணாடி போன்ற விமானி மூடியில் அப்படிப் படிந்தால் மனசு உடைந்துவிடும். குறைவாகப் பூசுங்கள், ஃபேனோ ஜன்னலோ ஆவியை வெளியே தள்ளட்டும்.

உலோகத்தால் ஆன கனமான கை, இறக்கை போன்றவற்றைப் பசையை மட்டும் நம்பி விடாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் துளையிட்டு உள்ளே கம்பி செருகி ஒட்டினால்தான் கீழே விழுந்தாலும் நிற்கும். பசை எடுக்கும் முன், எல்லாவற்றையும் சும்மா பொருத்திப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் அப்போதே நிரப்ப வேண்டும். முகத்துக்குப் பக்கத்திலும் கவச மூட்டிலும் கிரீன் ஸ்டஃப் என்ற பிசைந்து நிரப்பும் மக்கு, மினி நிற்கும் அடித்தட்டுக்கும் பெரிய ஓட்டைக்கும் கடையில் கிடைக்கும் எம்-சீல் தாராளம்.

மார்போடு துப்பாக்கியை அணைத்தபடி நிற்கும் வீரனை முழுவதும் ஒட்டிவிட்டால் மார்புக்குள் பிரஷ் போகாது. கையை மட்டும் தனியாக வைத்து, பெயின்ட் அடித்த பிறகு ஒட்டுவார்கள். ஆனால் இதையும் அளவோடு செய்யுங்கள். எதிரே நின்று பார்த்தால் தெரியாத இடத்துக்காகப் பத்துத் துண்டாகப் பிரித்து வைத்துத் திண்டாடுபவர்களும் உண்டு.

ரெசின் துண்டில் அச்சிலிருந்து எளிதாகக் கழலப் பூசும் வழுக்குப் பொருள் ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவாவிட்டால் பெயின்ட் உரிந்து வரும். வளைந்த ரெசின் வாளைச் சூடான தண்ணீரில் முக்கி நிமிர்த்தி உடனே குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் நேராகவே நிற்கும். ரெசினைத் தேய்க்கும்போது ஈர மணல்தாள், முகமூடி இரண்டும் கட்டாயம், அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. வீட்டில் முப்பரிமாண அச்சு எடுப்பவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும், கையுறையில்லாமல் தொடாதீர்கள். உள்ளே குடைவாக அச்சிட்ட உருவத்தில் வடிகால் துளை விடாவிட்டால், சிக்கிய ரெசின் நாளடைவில் வெடிப்பு விட்டுக் கசியும்.

ஈரக்காற்றில் பிரைமர்

நம்மவர்கள் அதிகம் அடிவாங்குவது இங்கேதான். பிரைமர் என்பது பெயின்ட் பிடிக்க முதலில் போடும் அடிப்பூச்சு. ஸ்பிரே பிரைமர் உலர்ந்த காற்றுக்காகச் செய்தது. சென்னையில் காலை ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 70 சதவீதத்தைத் தாண்டும். அந்த நேரத்தில் ஸ்பிரே அடித்தால் பரப்பு மங்கியோ சொரசொரத்தோ போகலாம். மறுபுறம், வெயில் உச்சத்தில் தூரமாக நின்று அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து பொடியாக வந்து ஒட்டும். இரண்டுமே தொட்டால் மணல்தாள் மாதிரி இருக்கும். அதன்மேல் எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தாலும் அது சொரசொரப்பைத்தான் எடுத்துக்காட்டும்.

சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். 60 சதவீதத்தை ஒட்டி இறங்கும் நேரம் பார்த்து அடியுங்கள். மழைக்காலமென்றால் ஸ்பிரேயை மூட்டை கட்டிவிட்டு, பிரஷால் பூசும் பிரைமருக்கு மாறுவதுதான் புத்திசாலித்தனம். வல்லேஹோ போன்ற ஸ்பானிய நிறுவனங்களின் பிரைமர் அப்படிப் பூசக் கிடைக்கிறது. மெல்லிய பூச்சாக விட்டு ஒருநாள் தொடாமல் வைத்தால் இறுகிப் பிடிக்கும். ஸ்பிரேதான் வேண்டும் என்றால், கேனை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில், உருவத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி வீசி வீசி அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தி ஒரே தடவையில் மூட நினைத்தால் முகம் நிரம்பிவிடும். வாகனக் கடையில் கிடைக்கும் மலிவான கேன்களைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: வெட்டி எறியும் ஸ்ப்ரூவில் முதலில் அடித்துப் பாருங்கள். சில கேன்களின் கரைப்பான் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும். பலகை விளையாட்டுகளில் வரும் வளையும் பிவிசி மினிகளில் சில ஸ்பிரேகள் வாரக்கணக்கில் பிசுபிசுவென்றே கிடக்கும், அவற்றுக்கும் பிரஷ் பிரைமரே நல்லது.

கறுப்பா, வெள்ளையா, சாம்பலா என்ற சண்டைக்கு முடிவே இல்லை. மஞ்சளையும் வெள்ளையையும் கறுப்புப் பிரைமரின்மேல் போட்டு ஏழு பூச்சு பூசாதீர்கள் என்பது மட்டும் உறுதி. மஞ்சளுக்குக் கீழே வெளிர்பழுப்போ இளஞ்சிவப்போ போட்டால் இரண்டே பூச்சில் ஏறிவிடும். 2019இல் வந்த கான்ட்ராஸ்ட் வகைப் பெயின்டுகள் ஒளி ஊடுருவுபவை, கறுப்பின்மேல் அவை கண்ணுக்கே தெரியாது. வெளிர்நிறப் பிரைமர்தான் அவற்றுக்குத் துணை.

பெயின்டும் ஃபேனும்

பாட்டிலிலிருந்து நேராக எடுத்துப் பூசுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தண்ணீர் கலந்து பால் பதத்துக்குக் கொண்டுவந்து, மெல்லிய இரண்டு பூச்சு. மினி பெயின்டிங் வீடியோக்களால் பேர்பெற்ற டங்கன் ரோட்ஸ் தன் பெயின்ட் வரிசைக்கே "இரண்டு மெல்லிய பூச்சு" என்று பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார். முதல் பூச்சு திட்டுத்திட்டாக அசிங்கமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பதறி, காயும் முன்பே மேலே இன்னொன்று போட்டால் கீழே இருப்பதும் பெயர்ந்து வரும். படம் வரையும் குழாய் அக்ரிலிக்கை வைத்துச் சமாளிக்கலாமே என்று கேட்பார்கள். அது துணிச்சட்டத்துக்காகச் செய்த கெட்டிப் பெயின்ட். மெல்லியதாக்கினால் மூடும் சக்தி போய்விடும், கெட்டியாகப் போட்டால் நுணுக்கம் போய்விடும். போர்க்களத்துப் பாறை, சுவர், மரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும் சீலிங் ஃபேன் அடியில் பெயின்ட் அடிப்பது தனிச் சோதனை. தட்டில் விட்ட துளி கையருகிலேயே காய்ந்து, பிரஷ் நுனியிலும் காய்கிறது. ஈரத்தட்டு இல்லாமல் இங்கே வேலை செய்வது கஷ்டம். மூடியுள்ள டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச், அதன்மேல் பேக்கிங் தாள். அவ்வளவுதான் அது. மெழுகு பூசிய தாளில் தண்ணீர் ஏறாது, பார்த்து வாங்குங்கள். நம் வெயிலில் இரண்டு நாளில் ஸ்பாஞ்ச் நாறத் தொடங்கும், அடிக்கடி கழுவி உலர்த்துங்கள்.

கண் வரைய 000 பிரஷ் வாங்குவதும் ஒரு மூடநம்பிக்கை. அந்த நாலு மயிர் சுமக்கும் பெயின்ட், கண்ணைச் சேருமுன் உலர்ந்துவிடும். கூர்மையான நுனியுள்ள 1 அல்லது 2ஆம் எண் பிரஷே கண் முதல் கச்சை வரை எல்லாம் செய்யும். பிரஷை மயிரைப் பிடித்திருக்கும் உலோகப் பூண் வரை பெயின்டில் முக்காதீர்கள். உள்ளே ஏறிக் காய்ந்த பெயின்ட் மயிரை விரித்துவிடும். வாயில் வைத்து நுனி சேர்க்கும் பழக்கம் பழைய கைகளுக்கு உண்டு. பெயின்டில் என்ன நிறமி இருக்கிறதென்று தெரியாமல் அதைப் பின்பற்ற வேண்டாம்.

உலோக நிறத்துக்குத் தண்ணீர்க் கிண்ணம் தனி. அதே தண்ணீரில் பிரஷைக் கழுவி முகத்தைத் தொட்டால் சிப்பாயின் கன்னத்தில் ஜரிகை மின்னும்.

வாஷ் என்பது பள்ளத்தில் நிழல் விழ வைக்கும் நீர்த்த நிறம். அதை வாரி இறைத்துவிட்டுப் போனால் தட்டையான கவசத்தில் காபிக்கறை வட்டம்போல் விளிம்பு கட்டும். தேங்கிய இடத்தில் ஈரமான பிரஷால் உறிஞ்சி எடுங்கள். பாதி காய்ந்ததைத் தொடாதீர்கள், தொட்ட இடம் கிழியும். ஈரமான நாளில் வாஷ் காய நெடுநேரம் ஆகும். விரலால் சோதிக்காமல் ஏசி அறையில் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

ஐந்து மினியையும் கண் வரை முடித்து, அடித்தட்டை வெறுங்கறுப்பாக விடுபவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று புரிவதில்லை. ஃபெவிகால் தடவி மணல் தூவி, பழுப்படித்து, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷால் மேடுகளில் மட்டும் வெளிர்நிறம் தேய்த்தாலே (டிரை பிரஷ்) முகம் மாறிவிடும். வார்ஹேமர் 40,000 விதிகளில், 2020 பதிப்பிலும் 2023 பதிப்பிலும், பெயின்ட் முடித்த படைக்கு 100 வெற்றிப்புள்ளியில் 10 உண்டு. அந்தக் கணக்கில் அடித்தட்டும் சேரும்.

கடைசியில் அடிக்கும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்பிரேயையும் மழைநாளில் தொடாதீர்கள். முடித்த மினி முழுக்க வெண்பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும். ஆகிவிட்டால் உடனே கலங்க வேண்டாம். பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு போட்டால் பல நேரம் அந்தப் படலம் மறைந்துபோகும், பிறகு உலர்ந்த நாளில் மேட் அடிக்கலாம்.

ஆயுதத்தை மாற்றிப் பொருத்தக் காந்தம் வைப்பவர்கள் மார்க்கரால் துருவத்தைக் குறித்துவிட்டு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் கை உடலை விட்டுத் துள்ளி ஓடும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்தக் காந்தங்களைப் பூட்டி வையுங்கள். இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து உயிருக்கே ஆபத்தாகும்.

எல்லாம் கெட்டுவிட்டதா? பெயின்டைக் கழற்றலாம். நெயில்பாலிஷ் நீக்கியில் உள்ள அசிட்டோன் மட்டும் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் குழைந்துவிடும். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவிட்டு டூத்பிரஷால் தேய்ப்பது எளிது, பிளாஸ்டிக்குக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. ரெசினில் முதலில் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். பிரிட்டிஷ்காரர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துவது நம் குளியலறையிலும் இருக்கும் அதே பழுப்பு டெட்டால். ஒருநாள் ஊறினால் அக்ரிலிக் உரிந்து வரும். ஆனால் டெட்டாலோடு இருக்கும் மினியை நேராகக் குழாயில் காட்டினால், கழன்ற பெயின்ட் தார்போல் பிசினாகி இடுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும். கையுறை போட்டு, டெட்டாலைத் தொட்டே தேய்த்து, பெயின்ட் முழுக்கப் போன பிறகுதான் பாத்திர சோப்பும் தண்ணீரும்.