செர்வேலோவா, கேன்யனா? நெடுந்தூர ட்ரையத்லானுக்கு பைக் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹவாயின் கோனாவில் அயர்ன்மேன் (நீந்தி, பைக் ஓட்டி, கடைசியில் மாரத்தானும் ஓடும் நெடுந்தூர ட்ரையத்லான்) உலகப் போட்டிக்கு முதல் நாள், வீரர்கள் தங்கள் பைக்குகளைக் கடல்துறை மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அப்போது வாசலில் நின்று ஒவ்வொன்றையும் எண்ணுவது நெடுநாள் வழக்கம். எந்தக் கம்பெனி பைக் எத்தனை, எந்தச் சக்கரம் எத்தனை, எந்த சீட் எத்தனை என்று கணக்கு வெளியாகும். 2005 முதல் பல ஆண்டுகள் அதில் முதலிடம் கனடாவில் பிறந்த செர்வேலோவுக்குத்தான். 2019-இல் அங்கே வந்து நின்ற பைக்குகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று செர்வேலோ. ட்ரெக், கேன்யன், ஸ்பெஷலைஸ்டு, ஃபெல்ட் எல்லாம் அதற்குப் பின்னால்.

இங்கே தென்னாப்பிரிக்காவில், ஜூன் மாதம் டர்பன் 70.3-ஐ (அயர்ன்மேனில் பாதித் தூரம்) ஓடி முடித்த கையோடு, அடுத்தது க்கெபெர்ஹாவில் (பழைய போர்ட் எலிசபெத்) முழு அயர்ன்மேன் என்று கிளம்பும் நம் பிள்ளைகள் இந்தப் பட்டியலைத்தான் முதலில் தேடுகிறார்கள். "அண்ணா, எல்லாரும் அதைத்தானே ஓட்டுறாங்க, அதையே வாங்கிடலாமா?" என்று கேட்கிறார்கள். இங்கே ஒரு நல்ல ட்ரையத்லான் பைக்கின் விலைக்குப் பழைய கார் ஒன்றே வாங்கிவிடலாம். வீட்டில் பலரும் விட்டுக்கொடுத்துச் சேர்த்த பணம் அது. பிறர் வாங்கியதைப் பார்த்து அதைச் செலவழிப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட.

2015 முதல் 2019 வரை கோனாவில் ஆண்கள் பிரிவில் வென்றவர்கள் யான் ஃப்ரோடெனோவும் பாட்ரிக் லாங்கேயும். ஃப்ரோடெனோ சிறுவயதில் கேப்டவுனில் வளர்ந்தவர், அதனால் நமக்கும் கொஞ்சம் சொந்தக்காரர். அந்த ஐந்து ஆண்டும் வென்ற பைக் கேன்யன். பெண்களில் 2015 முதல் 2018 வரை தொடர்ந்து வென்ற டானியேலா ரீஃப் ஓட்டியது ஃபெல்ட். அதே ஆண்டுகளில் எண்ணிக்கையில் முதலிடம் செர்வேலோ. எண்ணிக்கைக்கும் வெற்றிக்கும் நேரான தொடர்பு இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. அதற்காகக் கேன்யன்தான் வேகம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அவர்களெல்லாம் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு ஓட்டியவர்கள். அவர்களுக்கு வேறொரு நல்ல பைக்கைக் கொடுத்திருந்தாலும் முன்வரிசையில்தான் வந்திருப்பார்கள்.

அப்படியானால் செர்வேலோ ஏன் அத்தனை பேரிடம் இருந்தது? 1995-இல் ஃபில் வைட், ஜெரார்ட் வ்ரூமன் என்ற இரண்டு பொறியாளர்கள் தொடங்கிய கம்பெனி அது. காற்றைக் கிழித்துப் போகும் பைக் சட்டங்களில் (ஃப்ரேம்) ஆரம்பத்திலேயே கவனம் வைத்தார்கள், ட்ரையத்லான்காரர்களையே முதல் வாடிக்கையாளராகக் கருதினார்கள். ஒருமுறை ஊரெல்லாம் பரவிவிட்டால் பழைய பைக்கும் சுலபமாகக் கைமாறும், அடுத்தவரும் அதையே தேடுவார். தவிர, எண்ணுகிறவர் பார்ப்பது இந்த ஆண்டு விற்றதை மட்டுமல்ல. நாலைந்து ஆண்டுக்கு முன்பு வாங்கிய பைக்கும் அதே கணக்கில்தான் விழுகிறது.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். 2023-இல் உலகப் போட்டியைக் கோனாவுக்கும் பிரான்ஸின் நீஸ் நகருக்கும் பிரித்தார்கள், ஆண்களும் பெண்களும் மாறி மாறிப் போனார்கள். நீஸ் மலைப்பாதை, கோனா வெயிலும் காற்றும் மோதும் எரிமலைப் பாறை நெடுஞ்சாலை. ஆட்களும் வேறு, பாதையும் வேறு. அந்த ஆண்டுகளின் எண்களை முந்தைய எண்களோடு பக்கத்தில் வைத்து, இந்தக் கம்பெனி ஏறியது, அந்தக் கம்பெனி விழுந்தது என்று சொல்வதில் அர்த்தம் குறைவு.

சரி, பெயரை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது? உங்கள் உடம்பை. சமதரையில் நல்ல வேகத்தில் போகும்போது காற்றின் எதிர்ப்பில் முக்கால் பங்குக்குக் குறையாமல் ஓட்டுகிறவரின் உடம்பால்தான் வருகிறது, மிச்சம்தான் பைக்குடையது. குனிந்து, முழங்கையை ஊன்றி, 180 கிலோமீட்டரும் அசையாமல் இருக்க முடிகிற சட்டம்தான் உங்களுக்கு வேகமான சட்டம். உலகத்திலேயே விலை உயர்ந்த பைக்கில் ஏறி, 60 கிலோமீட்டரில் முதுகு வலித்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டால் போட்ட பணமெல்லாம் காற்றோடு போயிற்று.

உயரத்தை மட்டும் சொல்லி அளவு கேட்பது இங்கே மிகப் பரவலான தவறு. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு உடல் நீளம். பார்க்க வேண்டிய அளவுகள் இரண்டு. பெடல் அச்சின் மையத்திலிருந்து முன்பக்கக் குழாயின் உச்சி எவ்வளவு மேலே இருக்கிறது என்பது ஸ்டாக். அதே மையத்திலிருந்து அந்த உச்சி எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். ஒரு கம்பெனியின் 54 சைஸும் இன்னொரு கம்பெனியின் 54 சைஸும் இந்த இரண்டிலும் பல மில்லிமீட்டர் விலகும். ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும். முதலில் உடம்புக்கேற்ப பைக்கை அமைத்துத் தரும் ஃபிட்டரிடம் போய், அளவை மாற்றக்கூடிய ஃபிட்டிங் பைக்கில் உட்கார்ந்து உங்கள் அளவுகளை எழுதி வாங்குங்கள். கடைக்குப் போவது அதற்கு அப்புறம். பைக்கை வாங்கிவிட்டு ஃபிட்டரிடம் போனால், அந்தச் சட்டத்தில் முடிந்ததைத்தான் அவர் செய்து தர முடியும்.

ட்ரையத்லான் பைக் என்று தனியாக ஒன்று ஏன் வந்தது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். 1987-இல் டான் எம்ப்ஃபீல்ட் க்வின்டானா ரூ என்ற பெயரில் கொண்டுவந்த சட்டத்தில் சீட் குழாய் வழக்கமான ரோடு பைக்கைவிட நிமிர்ந்து நின்றது. ரோடு பைக்கில் அந்தக் கோணம் 73 டிகிரி வாக்கில் இருக்கும், இதில் அதைவிடக் கூடுதல். சீட் முன்னால் வந்ததால், குனிந்தாலும் இடுப்பு மடங்கி நசுங்குவதில்லை. சாதாரண ரோடு பைக்கில் ஏரோ பார் (முழங்கையை ஊன்றிக் குனிய உதவும் கைப்பிடி) மட்டும் மாட்டிவிட்டு சீட்டைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கஷ்டப்படுகிறார்கள். தொடை வயிற்றில் முட்டும், கடைசியில் இடுப்பு பிடித்துக்கொண்டு மாரத்தான் ஓட இறங்குவார்கள். சீட்டை முன்னுக்குத் தள்ளி, கொஞ்சம் உயர்த்தி, ஏரோ பாரை அதற்கேற்ப அமைத்தால் முதல் ஒன்றிரண்டு போட்டிகளுக்கு ரோடு பைக்கே தாராளமாகப் போதும். டர்பன் 70.3-க்கு அப்படி வருவதில் ஒரு குறையும் இல்லை.

அடுத்தது உதிரிபாகம். புதிய ட்ரையத்லான் பைக்குகளில் ஹேண்டில், அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம், சீட் தண்டு எல்லாம் பெரும்பாலும் அந்தந்த மாடலுக்கென்றே செய்தவை. அப்படிப்பட்டதில் வேறு எதையும் வாங்கி மாட்ட முடியாது. விற்பனையாளர் இந்த நாட்டில் சரக்கு வைத்திருக்கிறாரா, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமா என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். கேன்யன் மாதிரி நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்கும் கம்பெனி என்றால், உள்ளூர் மெக்கானிக் அதில் கை வைப்பாரா என்பதையும் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து தானாக வரவழைக்கிறவர்கள் ராண்டில் விலையைக் கணக்குப் போட்டுவிட்டு, சுங்க வரியையும் அதன்மேல் வரும் 15 சதவீத வாட் வரியையும் மறந்துவிடுகிறார்கள். அப்புறம் பெட்டி வந்து இறங்கும்போது கையைக் கடிக்கிறது. பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் மாடலுக்கு மாடல் வேறுபடும். பைக் விழுந்தால் முதலில் வளைவதும் அதுதான். வாங்கும் அன்றே கூடுதலாக இரண்டு வாங்கி வைத்துவிடுங்கள்.

பழைய பைக் வாங்குவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. நல்ல வழிதான், ஆனால் டர்பன் பைக் என்றால் அவசரப்படக் கூடாது. இங்கே பைக்குகளைத் தின்பது கடல் உப்பும் வியர்வையும். ட்ரையத்லான் பைக்கில் மணிக்கணக்காகக் குனிந்தே இருப்பதால் வியர்வை சொட்டுச் சொட்டாக முன்பக்கத்திலேயே விழும். வீட்டுக்குள் ட்ரெய்னரில் (பைக்கை நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் கருவி) ஓட்டியதென்றால் இன்னும் மோசம். முழங்கை மெத்தையைக் கழற்றி அடியில் உள்ள போல்ட்டுகளைப் பாருங்கள். அலுமினியத்தைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால், ஆறுமுனைச் சாவியை வைத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். சாவி வழுக்கினால் அந்த போல்ட்டைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிடும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் கரகரவென்று நின்று நின்று திரும்பினால் ஹெட்செட் பேரிங் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) துருப்பிடித்திருக்கலாம். அதை மாற்றிவிடலாம், ஆனால் ஃபோர்க்கைக் கழற்றி உள்ளே எதுவரை போயிருக்கிறது என்று பார்க்காமல் விலை பேசாதீர்கள். சீட் தண்டை இறுக்கும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைப்பலத்தில் முறுக்கியவர்களின் பைக்கில் அங்கேதான் கார்பன் போகும்.

சட்டத்தின் அடியில் உள்ள சீரியல் எண்ணையும் முதல் ரசீதையும் கேட்டு வாங்குங்கள். எண்ணைச் சுரண்டியிருந்தால் பேச்சே வேண்டாம். வாங்கியபின் காப்பீட்டில் பைக்கைத் தனியாகப் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள். வீட்டுப் பொருள் காப்பீட்டுக்குள் தானாக வந்துவிடும் என்று இருந்துவிட வேண்டாம்.

சக்கரத்தைப் பற்றிச் சுருக்கமாக. கோனாவில் காற்றின் காரணமாகப் பின்பக்க டிஸ்க் சக்கரத்தையே (கம்பிகளுக்குப் பதில் முழுதும் மூடிய சக்கரம்) அனுமதிப்பதில்லை. க்கெபெர்ஹாவும் காற்றுக்குப் பேர்போன ஊர். உடம்பு எடை குறைந்தவர்கள், முக்கியமாக நம் பெண்கள், முன்சக்கரத்தில் 80 மில்லிமீட்டர் ஆழ ரிம் போட்டுக்கொண்டு போய், பக்கக் காற்று தள்ளும்போதெல்லாம் பயந்து நிமிர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். முன்னால் 50 வாக்கில் போதும். ஆழமான ரிம்முக்குக் குட்டை வால்வு உள்ள ட்யூபை எடுத்துப் போனால் பஞ்சரான இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். நீள வால்வு ட்யூபோ எக்ஸ்டென்ஷனோ பையில் இருக்கட்டும். போட்டிக்கு முந்தின வாரம் வீட்டு வாசலிலேயே ஒரு தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள்.